சிவப்புப் போர்வைக்காரியும் ஸ்வெட்டர்காரனும்

வெயிலில் கிடந்த புத்தகத்தின் முதுகிலிருந்து ஒரு பசை வாசனை வரும். கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் தீய்ந்த பால், கொஞ்சம் புதுச்செருப்பு. போன வாரம் என் மகள் கூரியரில் வரவழைத்த, தலையணை கனமுள்ள ஆங்கில நாவலை ஸ்கூட்டர் கூடையிலேயே மறந்துவிட்டாள். மத்தியானம் நான் எடுக்கப் போனபோது கவரைப்பேட்டை வெயில் அதைப் பக்குவமாக வேகவைத்திருந்தது. அட்டையில் பறக்கும் பிராணி ஒன்று, எரியும் கோபுரம் ஒன்று, குதிரைமேல் ஒரு பெண். வாசனை மூக்கில் ஏறியதும் நான் வாசலிலேயே நின்று, சட்டென்று புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் அவன் இருக்கிறானா என்று தேடினேன். இல்லை. காதில் பெரிய வளையம் போட்ட ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"இன்னாமா, புக்க மோந்து பாத்துக்கினு நிக்கிற?" என்றாள் மகள்.

அவன் என்றால் ஸ்வெட்டர்காரன். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அட்டைக் கிழிப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டைப்பெட்டிக் காகிதம் செய்கிற ஆலை ஒன்றில் சில வருடங்கள் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். வெளிநாடுகளில் விற்காமல் போன புத்தகங்கள் கப்பலேறி, காட்டுப்பள்ளியில் இறங்கி, லாரியில் எங்கள் கொட்டகைக்கு வந்து சேரும். கம்பி போட்டு இறுக்கிக் கட்டிய பெரிய கட்டுகள். பேல் என்போம். அதன் வயிற்றில் ஈரமானியைக் குத்தி ஈரம் பார்த்து, என்ன தரம் என்று சாக்பீஸில் எழுதுவது என் வேலை. பிறகு கம்பியை வெட்டுவார்கள். புத்தகங்கள் பொலபொலவென்று சரியும். நாடுகள், நிலவுகள், வாள்கள், கோட்டைகள், எல்லாம் சிமெண்ட் தரையில்.

பளபளக்கிற அட்டையில் மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருக்கும். அது கூழில் கரையாது. தொட்டிக்குள் போனால் சல்லடையை அடைத்துக்கொண்டு மூன்று பேரின் ஒரு நாளைத் தின்றுவிடும். அதனால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முதலில் அட்டையைக் கிழிப்பார்கள். முன்னட்டை ஒரு இழுப்பு, பின்னட்டை ஒரு இழுப்பு. சர்ரக், சர்ரக். உரிந்த புத்தகம் பெல்ட்டில் ஏறிப் போய்விடும். ஊர் உலகத்தில் எல்லோரும் அட்டையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் போவார்கள். நாங்கள் அட்டையை வைத்துக்கொண்டு புத்தகத்தை அனுப்பிவிடுவோம்.

விற்காமல் போவதில் மாயாஜாலக் கதைகளுக்கு ஒரு தனித் திறமை இருந்ததுபோல. வந்ததெல்லாம் பெரும்பாலும் அவைதான். அவற்றின் அட்டைகளும் கிழித்துப்போட மனம் வராத அட்டைகள். உடை மாற்றும் அறையில் எங்கள் தகர அலமாரிகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எண்கள் எப்போதோ தேய்ந்துபோனவை. ஒருத்தியின் கருவாட்டுக் குழம்பை இன்னொருத்தி தன்னுடையது என்று நினைத்துச் சாப்பிட்டு, அது இரண்டு குடும்பச் சண்டையாக வளர்ந்தபின், ஆளுக்கொரு அட்டையைக் கதவில் ஒட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. அதன்பிறகு பெயர்கள் மெல்ல உதிர்ந்தன. "வெள்ளக் குதிர இன்னிக்கி லீவு." "இடிஞ்ச கோட்டைக்கு வவுத்து வலியாம்." சூப்பர்வைசர் ஒருமுறை ஓவர்டைம் பட்டியலில் 'ஆந்தை' என்று எழுதிவிட்டு, மேலாளர் கேட்டபின் அடித்துத் திருத்தினார். என் கதவில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு படகு. நான் படகு மேடம்.

அந்தச் சுவரிலேயே அழகான அட்டை ஒரு அக்காவுடையது. திருவாலங்காட்டில் பிறந்து, எங்கள் மாவட்டத்திலேயே உள்ள ஆரணிப் பக்கம் வாக்கப்பட்டு, பிறர் கழனியில் நடவு நட்டு, அந்தக் கழனிகள் பிளாட்டாக மாறியதும் கம்பெனி வேனில் ஏறியவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை மேடம் என்பாள், ஆனால் 'நீ' போட்டுத்தான் பேசுவாள்.

அவள் அட்டையில் ஒரு மலை. மலையின் நெற்றியில் சின்னஞ்சிறு கதவு. கதவுக்குப் போகும் பாதையின் முடிவில், நமக்கு முதுகைக் காட்டியபடி, சிவப்புப் போர்வை போர்த்திய ஒரு பெண். சாயங்காலத்தின் கடைசி வெளிச்சம் போர்வையின் ஓரத்தில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. மேற்கே ஆந்திர எல்லையில் மங்கலாகத் தெரிகிற மலைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயாவது கிளம்பிவிட வேண்டும்போல் கால் அரிக்கும். எனக்குப் பொதுவாகவே கால் அரிக்கும். அந்த அட்டை அதைச் சொறிந்துவிடும்.

ஒட்டி மூன்றாம் நாள், அலமாரி அறை வாசலில், கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், ஆந்தை என்று பட்டியலில் ஏறியவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அவள் சர்ச்சுக்கு ஒரு ஞாயிறு தவறாமல் போகிறவள். எதையும் கூர்ந்து பார்ப்பாள்.

"யக்கா, இந்தக் குட்டயப் பாரேன்."

"எந்தக் குட்ட?"

"மல அடிவாரத்துல. மஞ்சாவா. நடுவுல கருப்பா ஒரு கோடு கீது."

"தண்ணி வத்துன கோடுடி."

"வத்துனா இப்டி நேராவா வத்தும்?"

அக்கா எழுந்து போய்க் கதவருகே குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அது குட்ட இல்ல. கண்ணு."

கண் என்று தெரிந்ததும் எல்லாம் புரண்டது. மலைமுகடு முதுகெலும்பாயிற்று. மரங்கள் செதிலாயின. ஓடை என்று நினைத்தது மூக்கிலிருந்து வருகிற புகை. மலையே ஒரு பிராணி, படுத்திருக்கிறது, ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. அன்று பாதிப் பேர் ரசம் ஊற்றிக்கொள்ள மறந்தார்கள்.

"இது கண்டி எழுந்துக்கினா இவ காலி," என்றாள் ஆந்தை.

"எதுக்குக் காலி? தெனிக்கும் வர்றவதான இவ," என்றாள் அக்கா, தட்டின் முன் உட்கார்ந்தபடி. "இவளுக்கு மலைக்கு நாஷ்டா குடுக்கற வேல. கான்ட்ராக்ட்டு. போர்வ யூனிபாரம். மொத ஷிஃப்டு செவப்பு, ரெண்டாவது ஷிஃப்டு நீலம்."

கதை அப்படித்தான் தொடங்கியது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். சாப்பாட்டு மணி அடித்தால் டிபன் பாக்ஸுக்கு முன் கதைதான் திறக்கும். ஆந்தைக்கு மட்டும் ஒரு மனத்தடங்கல் இருந்தது.

"பாம்புக்குச் சோறு போடறது எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

"பாம்பு எங்கடி? இதுக்குக் காலு கீது."

"காலு வெச்ச பாம்பு இன்னும் மோசம் யக்கா."

"எங்க ஊர்ல சாமியே காளிகூட போட்டி வெச்சி காலத் தூக்கி ஆடிச்சி. காலு மேட்டரெல்லாம் என்கிட்ட பேசாத."

அலமாரிக் கதவின் கீழ்ப்பகுதியில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. அதை மறைக்க அக்கா அதே புத்தகத்தின் பின்னட்டைத் துண்டை ஒட்டினாள். அதில்தான் அவன் வந்தான். வழுக்கை. வெள்ளைத் தாடி. மூக்குக் கண்ணாடி. கழுத்துவரை ஏறிய பழுப்பு ஸ்வெட்டர். மடியில் பூனை. ஒரு கையைத் தாடையில் வைத்து எங்கோ ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மலைக்கு நேர் கீழே.

"யாரு இந்த ஆளு?"

"பொம்பள மல ஏறிக்கினு கீறா, இவன் உக்காந்துக்கினு கீறான். யாரா இருப்பான்? ஊட்டுக்காரன்தான்."

வரிசை முழுவதும் ஒப்புக்கொண்டது.

"தாடயில ஏன் கைய வெச்சிக்கினு கீறான்?"

"தப்பு பண்ணிருப்பான். எங்கூட்டாளு ரேஷன் கார்ட தொலச்சிட்டு வந்த அன்னிக்கி இதே மாறிதான் உக்காந்துனு இருந்தாரு."

"இந்த வெயில்ல ஸ்வெட்டரு?"

"ஜொரமா இருக்கும்."

"ஜொரத்துல யாராச்சும் பூனய மடியில வெச்சிப்பாங்களா?"

ஆனால் அவன் ஒரு கதவோடு நிற்கவில்லை. வெள்ளைக் குதிரையும் ஆந்தையும்கூட அந்த வரிசைப் புத்தகங்களிலிருந்து வந்தவைதாம் என்பதால், அவற்றின் பின்னட்டைகளிலும் அவனே இருந்தான். ஏழு பாகங்கள், ஏழிலும் அவன். குதிரைக்குப் பின்னால் கருந்தாடி, ஆந்தைக்குப் பின்னால் சாம்பல் தாடி. அக்கா எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பிப் பார்த்தாள். கேள்விப்பட்டதை வைத்துக் கேஸை முடிக்கிற ஆள் இல்லை அவள்.

"ஊட்டுக்காரன் இல்ல," என்றாள். "இவன் எல்லா ஊருக்கும் முன்னாடியே போய் உக்காந்துக்கறவன். அந்தக் கதவப் பூட்டுனவன் இவன்தான். சாவி அந்தப் பூனைக்குக் கீழ கீது. அதான் பூனய எறக்கி வுட மாட்டேன்றான்."

"தாடி எதுக்கு கலர் மாறுது?"

"இவ நடந்து வந்துக்கினே இருக்கறா இல்ல. வந்து சேர்றதுக்குள்ள அவனுக்கு நரைச்சிப் போச்சி."

நான் சோற்றுக் கையோடு எழுந்து போனேன். காலத்தைப் பற்றி அதுவரை நான் முப்பது வசன கவிதைகள் எழுதியிருந்தேன். சிறுபத்திரிகைகளில் வந்தவை. முப்பதையும் கூட்டி அழுத்தி பேல் கட்டினாலும் அந்த ஒரு வரி எடை வராது. ஈரம் குறிக்கும் தாளில் அதை எழுதிக்கொண்டேன். அந்த லாரியின் ஈரம் எவ்வளவு என்று குறிக்கத்தான் மறந்துவிட்டேன்.

மாதக்கணக்கில் ஓடியது கதை. பூனையை மடியிலிருந்து இறக்கப் பழவேற்காட்டு நெத்திலி வாங்கிப் போனது, நீலப் போர்வைக்காரி சொல்லாமல் லீவு போட்டதில் இவள் இரட்டை ஷிஃப்டு பார்த்தது, மலைக்குப் பல்வலி வந்தது, எல்லாம் நடந்தது. சூப்பர்வைசர் சூளூர்ப்பேட்டைக்காரர். ஆந்திரத் தமிழ் பேசுவார். கதை நடக்கும்போதெல்லாம் கட்டு அமுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று எண்ணெய் சரிபார்ப்பார். அந்த இயந்திரத்துக்கு அத்தனை எண்ணெய் தேவையில்லை. ஒருநாள் என் மேசைக்கு வந்து ரிப்போர்ட்டைப் புரட்டியபடி, "மேடம், அந்த பில்லி எறங்கிடிச்சா?" என்றார். பில்லி என்றால் அவர் ஊரில் பூனை. "சும்மா கேட்டேன்," என்று சேர்த்துக்கொண்டார்.

பொங்கல் கழிந்து கதை ஒரு வழியாகக் கதவுக்கு வந்தது. சாவி கிடைக்கவில்லை. தட்டிப் பார்ப்போம் என்று போர்வைக்காரி கையைத் தூக்கினாள். மணி அடித்துவிட்டது.

மறுநாள்தான் நான் அதைச் செய்தேன்.

அந்த வாரம் ஒரு பத்திரிகையில் என் கவிதை வந்திருந்தது. முதல்முறையாகப் படத்தோடு. பையிலேயே வைத்திருந்தேன், இவர்களிடம் காட்ட வேண்டுமென்று. எப்படி எடுப்பது என்று கூச்சம். அன்று பேச்சு மறுபடி ஸ்வெட்டர்காரன்மேல் போனது.

"வேல இருந்தா கை ஏன் தாடைக்குப் போவுது?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். "சோம்பேறிப் பய. இவனுக்கு ஒரு அட்ட கிழிக்கச் சொல்லிப் பாரேன், வெரலு வீங்கிடும்."

பையில் இருந்த படத்தில் நானும் தாடையில் கை வைத்திருந்தேன். படம் எடுத்தவர்தான் அப்படி வைக்கச் சொன்னார்.

"அவரு சோம்பேறி இல்ல," என்றேன். குரல் தேவைக்கு மேல் நேராக வந்தது. "அந்தப் புத்தகத்த எழுதினவரே அவருதான். எழுதினவங்க படத்த பின்னாடி போடுவாங்க. அவ்ளோதான். அவரு கதையிலயே வர மாட்டாரு."

ஆந்தை மெல்லக் கழுத்தைத் திருப்பினாள். "அப்ப சாவி?"

"சாவியெல்லாம் இல்ல."

"பூன?"

"அது அவரு ஊட்ல வளக்குற பூனையா இருக்கும்."

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். "அப்ப இந்தக் கதைய அந்தாளு எழுதி முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டாரு. ஏழு பாகம்."

"எழுத்து கீதுனு எனக்கும் தெரியும் மேடம். இதே மலயப் பத்திதான் எழுதிக்கிறாருனு நெனைக்கல. ஒருத்தரு பயிர் வெச்ச கழனியில நான் மாட்ட ஓட்டினு போய் மேய்ச்சிக்கினு இருந்திருக்கேன். நீ வரப்புல நின்னு பாத்துக்கினு இருந்திருக்க."

"அப்படி இல்லக்கா."

"எப்டி இல்ல?"

நான் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. முருங்கைக்காய் மெல்லும் சத்தம் ஒரு கொட்டகையை நிரப்பும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அடுத்த செய்தி வந்தது. தேர்வாய் கண்டிகையில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் அக்காவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நிரந்தரம். வேன் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்ளும். இந்த மாதக் கடைசியோடு இங்கே முடிகிறது. அவளுக்கு நல்ல காரியம். எனக்குத்தான் கணக்கு இடித்தது. போர்வைக்காரி கையைத் தூக்கியபடி கதவின்முன் நிற்கிறாள், அவளைத் தட்டவைக்க வேண்டியவள் இன்னும் பத்து நாளில் போகிறாள், இதற்கு நான் காரணம். கதவு திறந்தாக வேண்டும். வேறு எதுவும் எனக்கு அந்தப் பத்து நாளில் தோன்றவில்லை.

"வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம் மேடம்," என்றாள் ஆந்தை. "பேஜாரு பண்ணிட்ட."

சூப்பர்வைசர் எண்ணெய் பார்ப்பதை நிறுத்திவிட்டார். "நீங்க ஏன் மேடம் நிஜம் சொன்னீங்க?" என்றார் வருத்தமாக. "நிஜம் சொல்றதுக்குத்தான் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குதே."

முதலில் நானே கதையைத் தொடர்ந்துவிடலாம் என்று துணிந்தேன். எழுதுகிறவள்தானே. அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து, தொண்டையைச் செருமி, "அவள் கதவின் முன்னால் நிற்கிறாள், அவளுடைய நிழல் அவளைவிட்டு மெல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் நின்னுக்கினுதான் கீறாளா?" என்றாள் ஆந்தை.

"நிக்கிறா. ஆனா உள்ளுக்குள்ள..."

"உள்ளுக்குள்ள வேணாம் மேடம். கதவுக்குள்ள இன்னா கீதுனு சொல்லு."

அது எனக்குத் தெரியவில்லை. முப்பது கவிதையிலும் நான் ஒரு கதவைக்கூடத் திறந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்து, புத்தகத்தையே தேடுவது என்று முடிவு செய்தேன். ஸ்வெட்டர்காரன் அந்தக் கதவுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் அக்காவிடம் சொல்லலாம், அவளாவது நிம்மதியாகப் போவாள். ஆனால் அட்டை உரிந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், தலை மொட்டையடித்த பிள்ளைகள்போல. ஒவ்வொன்றாக எடுத்து உள்தாளில் தலைப்பைப் பார்க்க வேண்டும். ஈரமானியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் குவியல் குவியலாக மேய்ந்தேன். மூன்றாம் நாள் பெல்ட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்த ஒன்றைப் பாய்ந்து பிடித்தேன். அக்காவின் அட்டையில் இருந்த அதே தலைப்பு. வெளியே காகிதம் எடுத்துப்போகக் கூடாது என்பது விதி. 'ஈர சோதனைக்கான மாதிரி' என்று கேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சோதனைக்குத்தான், பொய்யில்லை.

அகராதியோடு உட்கார்ந்தேன். சமைத்தபடி, துணி மடித்தபடி, பல் விளக்கியபடி படித்தேன். முதலில் ஒரு வரைபடம். அப்புறம் ராஜாக்கள், நடுவில் விக்கல் எடுத்தாற்போன்ற பெயர்களோடு. ஒரு ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் கம்பளி வரியைப் பற்றிப் பேசினார்கள். பதினொரு பக்கத்துக்கு ஒரு விருந்து. மான் வந்தது, மீன் வந்தது, பேரிக்காய் வந்தது. போர்வைக்காரி வரவில்லை. கதவுகள் வந்தன, ஒன்று அரண்மனைக் கழிப்பறைக் கதவு, அதில் ஒரு மந்திரி மாட்டிக்கொண்டார். மலைப்பிராணியா, அதெல்லாம் அழிந்துபோய்ப் பல தலைமுறை ஆயிற்று என்று ஒரு கிழவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, துணியை ஊறவைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தேன். பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை புரட்டினேன். அவள் இல்லை. எங்குமே இல்லை. படம் போட்டவர் இந்தப் புத்தகத்தைப் படிக்கவேயில்லை.

சோப்பு நுரைக் கையோடு நான் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறி இறங்கினேன். ஏன் என்று மகள் கேட்டாள். சந்தோஷம் என்றேன்.

திங்கட்கிழமை அக்காவை அலமாரி அறையிலேயே மடக்கினேன். அவளுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"அக்கா, புத்தகத்தப் படிச்சிட்டேன். முழுசா. இவ அதுல இல்ல."

"நல்லா தேடுனியா?"

"ஒரு பக்கம் விடல."

"வேற பேர்ல வந்திருப்பா."

"வேற பேர்லயும் இல்ல. போர்வையே இல்ல. செவப்புனு நாலு எடத்துலதான் வருது, அதுல ரெண்டு ஒயினு."

அக்கா அட்டையைப் பார்த்தாள். விரலால் அந்தச் சின்ன முதுகைத் தொட்டாள்.

"ஆனா இவளப் பாத்துட்டுத்தான புக்க கையில எடுப்பாங்க?"

"ஆமா."

"வாசல்ல நின்னு ஆளக் கூப்புடறதுக்கு இவ. உள்ள உக்காந்து சாப்புடறதுக்கு வேற ஆளா?"

"பதினொரு பக்கம் சாப்பிடறாங்க அக்கா."

அவள் முகத்தில் கோபம் ஏறுவதைப் பார்த்தேன். நடவுக்கூலியில் கைவைத்த மேஸ்திரியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் வருகிற கோபம் அது. என்மேல் இருந்த கோபம் அதில் எங்கோ கரைந்துபோயிற்று.

"கழனி அவருது இல்லியே அப்ப," என்றாள். "பொறம்போக்குதான?"

"பொறம்போக்குதான்."

"சரி. அந்த ஆந்தைகிட்ட சொல்லு, நாளிக்கி சீக்கிரமா சாப்ட வரணும்னு."

செவ்வாயும் புதனும் போர்வைக்காரி தட்டினாள். உள்ளே யாரும் திறக்கவில்லை. அக்கா வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வியாழக்கிழமை அவளுடைய கடைசி நாள். கதை சூடு பிடித்து, கதவு லேசாகக் கிறீச்சிட்டபோது சாப்பாட்டு மணி முடிந்தது. எழுந்திருக்க யாருக்கும் கால் வரவில்லை. அப்போது பெல்ட் நின்றது. இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசர் வெளியே வந்தார்.

"பெல்ட்டு ஜாம். அரை மணி ஆவும்," என்றார். கவிழ்த்துப்போட்ட கிரேட் பெட்டி ஒன்றை இழுத்து எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்தார். "நீ சொல்லுமா."

"மொதல்ல பூன வெளிய வந்துச்சி," என்றாள் அக்கா. "இவ உள்ள போனா. ஒரே ரூமு. கூரை வரிக்கும் காகிதம், நம்ம பேலு மாறியே அடுக்கி. நடுவுல டேபுள் போட்டு ஸ்வெட்டர்காரன் எழுதிக்கினு கீறான். இவ சொன்னா, யோவ், நாந்தான் அட்டயில நிக்கிறவ. அவன் இன்னா கேட்டான் தெரிமா? எந்த அட்டனு கேட்டான்."

"பாக்கவேயில்லியா அவன்?" என்றாள் ஆந்தை.

"எழுதறவனுக்கு அட்டைய எவன் காட்றான்? இவளுக்கு வந்துச்சி பாரு கோவம். ஏழு பாகம் வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன்யா. மழ பேஞ்சிச்சி. குளுரு அடிச்சிச்சி. உள்ள ராஜா பதினோரு பக்கம் சாப்ட்டானாமே. ஒரு பேரிக்காயாச்சும் வெளிய குடுத்து வுட்டியான்னு கேட்டா."

"கேக்கணும்," என்றார் சூப்பர்வைசர்.

"அப்பதான் அவன் தாடயில கைய வெச்சான். தப்பு பண்ண கை. கம்முனு எழுந்து சேர இவ பக்கம் தள்ளுனான். இவ உக்காந்தா. எத்தினி வருசம் கழிச்சி உக்கார்றா. பூன வந்து இவ மடியில ஏறிச்சி. அவன் பேனாவ டேபுள்ள வெச்சிட்டு, செவப்புப் போர்வைய வாங்கி ஸ்வெட்டருக்கு மேல போத்திக்கினு, நாஷ்டா தூக்குச்சட்டிய எடுத்துக்கினு வெளிய போனான்."

"எங்க?"

"மலைக்கு யாரு சோறு போடறது? மூணாவது ஷிஃப்டு அவன்து."

சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பில் கிரேட் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆந்தை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு முடியாமல் இருந்தது.

"மல அவன தின்னுச்சா?"

"ஸ்வெட்டரோட எப்டிடி திங்கும்? நூலு தொண்டயில மாட்டிக்கும். தெரிஞ்சிதான் போட்டுக்கினு கீறான்."

ஜாம் ஆகாத பெல்ட் ஒரு பட்டனில் மறுபடி ஓடத் தொடங்கியது. ஆந்தை தன் டிபன் பாக்ஸை மூன்றாவது முறையாகக் கழுவினாள். மூக்கையும் துடைத்துக்கொண்டாள். மிளகாய் என்றாள்.

சாயங்காலம் கேட் வரை நான்தான் அவளோடு நடந்தேன். சாக்பீஸ் தூள் என் விரலில், பசைத் தூள் அவள் விரலில். நிறைய சொல்ல வேண்டுமென்று நினைத்திருந்தேன். மன்னிப்பு ஒன்றும் பாக்கி இருந்தது. வாயைத் திறந்தால், "அங்க என்ன வேலைக்கா?" என்றுதான் வந்தது.

"பிஸ்கோத்து. பாக்கெட்ட பொட்டியில அடுக்கணும்."

"புத்தகம் எதுவும் வராதே அங்க."

"வராது."

"இந்த மாதிரி அட்டை?"

"அட்டப்பொட்டி கீது. அன்னிக்கி ஆளு எடுத்தப்பவே பாத்துட்டேன். எல்லா பொட்டிலயும் ஒரே படம்தான்."

"என்ன படம்?"

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"ஒரு மாடு. புல்லு மேஞ்சிக்கினு கீது. பின்னால ரொம்ப தூரத்துல ஒரு ஊடு, குட்டியா. யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க மேடம், அந்த ஊட்ல ஒரு ஜன்னலு மட்டும் தொறந்து கீது."